லாரி டோபி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஜாக்கி ராபின்சனைப் பற்றி வந்த கேள்விக்குப் பதில் எழுதியபோது, அவர் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலில், கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய நிறத்தடையை உடைத்ததைச் சொல்லியிருந்தோம். அந்தப் பதிலின் இறுதியில், “அதே ஆண்டில் லாரி டோபியும் வந்தார்” என்ற ஒரே வரியுடன் நிறுத்திக்கொண்டோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளே இம்முறை இப்பகுதியை நிறைத்திருக்கின்றன.

கேள்வி: ராபின்சனுக்குப் பின் வந்தவர் என்பதைத் தவிர டோபிக்கு வேறு என்ன சிறப்பு?

அமெரிக்கப் பெரிய லீக் என்பது நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு பிரிவுகளைக் கொண்டது. அந்தக் காலத்தில் இவ்விரண்டு பிரிவுகளின் அணிகளும் ஆண்டு இறுதியில் நடக்கும் உலகத் தொடரில் மட்டுமே ஒன்றையொன்று சந்திக்கும்; மற்றபடி தனித்தனி அணிகள், பெரும்பாலும் தனித்தனி மைதானங்கள். ராபின்சன் ஆடியது நேஷனல் லீகில். டோபி 1947 ஜூலை 5 அன்று கிளீவ்லண்ட் இண்டியன்ஸ் அணிக்காக ஆடியபோது அமெரிக்கன் லீகின் எட்டு அணிகளிலும் அவருக்கு முன் ஒரு கறுப்பின வீரர்கூட இருந்ததில்லை. ராபின்சன் பழக்கிவைத்த மைதானங்களில் ஆடும் வாய்ப்பு டோபிக்குப் பெரும்பாலும் இல்லை. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கிலோ, டெட்ராய்ட்டிலோ, வாஷிங்டனிலோ கறுப்பின வீரர் ஒருவர் அமெரிக்கன் லீக் சீருடையுடன் நிற்பது பார்வையாளர்களுக்கு அதுவரை பழக்கமில்லாத காட்சி. இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி ஏறத்தாழ 11 வாரங்கள். அந்த 11 வாரங்களில் நாடு திருந்திவிடவில்லை.

அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தாலும், 1949 முதல் 1955 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து, லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்ற, பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன் பட்டியலில் லீகில் இருமுறை முதலிடம் பிடித்த சென்டர் ஃபீல்டர் அவர். 1950-களின் முதல் பாதியில் அவரைவிடச் சிறந்த சென்டர் ஃபீல்டர்கள் என்று சொல்லத்தக்கவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே அறிந்த என் போன்றவர்களுக்கு, அவுட்ஃபீல்டர் என்பவர் யார் என்று விளக்க முடியுமா?

பேஸ்பால் மைதானத்தின் உட்பகுதியில் நான்கு பேஸ்கள் வைர வடிவில் அமைந்திருக்கும்; அவற்றைக் காப்பவர்கள் உட்களத்தார். அதற்கு அப்பால் வேலி வரை பரந்திருக்கும் புல்வெளியை இடம், நடு, வலம் என மூன்று பேர் பங்கிட்டுக் காப்பார்கள்; அவர்களே அவுட்ஃபீல்டர்கள். கிரிக்கெட்டில் லாங்-ஆன், லாங்-ஆஃப் எல்லையில் நிற்கும் இருவரின் பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்து, பந்து கிளம்பும் ஓசையைக் கேட்டவுடன் திரும்பி ஓடச் சொன்னால் எப்படியிருக்குமோ, அதுதான் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டரின் வேலை. அணியிலேயே அதிகத் தொலைவு ஓடுபவர் அவர்தான். மற்ற இருவரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

கேள்வி: அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

1923 டிசம்பர் 13 அன்று தென் கரோலினா மாநிலத்தின் கேம்டன் ஊரில் பிறந்தார். குதிரைகளைப் பராமரிக்கும் வேலை செய்த தந்தை, ஓய்வு நேரத்தில் பேஸ்பால் ஆடியவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். பதின்ம வயதில் தாயாருடன் வாழ நியூ ஜெர்சியின் பாட்டர்சன் நகருக்கு வந்த டோபி, அங்குள்ள ஈஸ்ட்சைடு உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, தடகளம் என நான்கிலும் பள்ளி அணிக்கு ஆடினார். 1942-இல், பதினெட்டு வயதில், கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக இயங்கிய நீக்ரோ லீகைச் சேர்ந்த நூவர்க் ஈகிள்ஸ் அணியில் ‘லாரி வாக்கர்’ என்ற புனைபெயரில் ஆடத் தொடங்கினார். கல்லூரியில் விளையாட வேண்டுமென்றால் காசு வாங்காத வீரராக இருக்க வேண்டும் என்ற விதி அப்போது கடுமையாக இருந்ததே அந்தப் புனைபெயருக்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். பாட்டர்சனில் வெள்ளை மாணவர்களுடன் ஒரே வகுப்பில் படித்து, ஒரே அணியில் ஆடி வளர்ந்தவரைக் கடற்படைப் பயிற்சி முகாமில் கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய பிரிவில் சேர்த்தார்கள். ஒதுக்கப்படுவதன் வலியைத் தாம் முழுமையாக உணர்ந்தது அங்கேதான் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். பசிபிக் பெருங்கடலில் யுலிதி தீவில் இருந்தபோதுதான், 1945 இறுதியில், ராபின்சனை டாட்ஜர்ஸ் நிர்வாகம் ஒப்பந்தம் செய்த செய்தியை வானொலியில் கேட்டார். அதுவரை உடற்பயிற்சி ஆசிரியராவதே தம் எதிர்காலம் என்று அவர் எண்ணியிருந்தார்.

1946-இல் திரும்பி வந்ததும் ஈகிள்ஸ் அணியில் இரண்டாம் பேஸ் காப்பாளராக ஆடினார். அவருக்குப் பக்கத்தில், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலான ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றவர் மான்டி இர்வின். பின்னாளில் அவரும், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைப் போற்றும் புகழ்மண்டபம் சேர்ந்தார். அந்த ஆண்டு ஈகிள்ஸ் அணி, கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியை ஏழு ஆட்டங்களில் வென்று நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது.

கேள்வி: ராபின்சனை டாட்ஜர்ஸ் அணி, அவர் ஆடிவந்த அணிக்குக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். டோபியையும் அப்படித்தான் எடுத்தார்களா?

இல்லை. கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளர் பில் வீக், ஈகிள்ஸ் அணிக்கு 10,000 டாலர் கொடுத்தார். டோபி முப்பது நாள் அணியில் நிலைத்தால் மேலும் 5,000 டாலர் என்பது ஒப்பந்தம், அதையும் கொடுத்தார். ஈகிள்ஸ் அணியைக் கணவருடன் சேர்ந்து நடத்திய எஃபா மான்லி கணக்கில் கெட்டிக்காரர். இதே திறமையுள்ள வெள்ளை வீரர் ஒருவர் எந்த அணிக்கும் கட்டுப்படாமல் இருந்திருந்தால் அவருக்கு நீங்கள் ஒரு லட்சம் டாலர் கொடுத்திருப்பீர்கள் என்று வீக்கிடம் அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். ஆனாலும் விற்றார், மறுத்தால் ஒரு கறுப்பின இளைஞனின் வாய்ப்பைத் தடுத்தவர் என்ற பழி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். 2006-இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற எஃபா மான்லி, அங்கே இடம்பெற்ற ஒரே பெண்மணி. வீக் நல்லவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அவர் வாங்கியது மலிவு விலைக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: முதல் நாள் எப்படி இருந்தது? ராபின்சனுக்குக் கிடைத்த ஆதரவு டோபிக்குக் கிடைத்ததா?

ராபின்சனை ஒப்பந்தம் செய்த பிராஞ்ச் ரிக்கி, ஓராண்டு முழுவதும் அவரை மான்ட்ரியலில் இருந்த துணை அணியில் ஆடவைத்துப் பழக்கினார். அவருடன் பயணம் செய்ய வென்டல் ஸ்மித் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை ஏற்பாடு செய்தார். 1947 வசந்தகாலப் பயிற்சியில் இருந்தே அணியினர் அவரை அறிந்திருந்தார்கள். டோபிக்கு இப்படிப் பழகிக்கொள்ளும் காலம் எதுவும் இல்லை. ஜூலை 4 அன்று நூவர்க்கில் ஈகிள்ஸ் அணிக்காகக் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, அன்றிரவே ரயிலேறி, மறுநாள் சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் கிளீவ்லண்ட் சீருடையுடன் நின்றார். நடுப்பருவம், அணியினர் ஒருவருக்கொருவர் பழகி, இடங்கள் நிரம்பி, ஆட்டம் சூடுபிடித்திருந்த நேரம்.

அணியின் மேலாளரும் ஷார்ட்ஸ்டாப் வீரருமான லூ பூட்ரோ, உடைமாற்றும் அறையில் அவரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். சிலர் கைகுலுக்கினார்கள், சிலர் விருப்பமில்லாமல் கையை நீட்டினார்கள், சிலர் நீட்டவேயில்லை. பிறகு மைதானத்தில் இருவர் இருவராகப் பந்தெறிந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளும் நேரம் வந்தது. டோபி கையுறையுடன் தனியே நின்றுகொண்டிருந்தார், யாரும் அழைக்கவில்லை. நேரம் கழித்து ஜோ கார்டன் வந்து, சும்மா நிற்கப் போகிறாயா, பந்தெறிய வருகிறாயா என்ற பொருளில் கேட்டு அவரை அழைத்துப்போனார். இந்த ஜோ கார்டன்தான் அணியின் இரண்டாம் பேஸ் காப்பாளர், அதாவது டோபி ஆட வேண்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். தன் இடத்துக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவனுக்கு முதலில் கைகொடுத்தவர் அவரே என்பது, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அன்றைய ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் மாற்று பேட்டராக அனுப்பப்பட்ட டோபி, பந்தை அடிக்க முடியாமலேயே ஆட்டமிழந்தார், அதாவது ஸ்டிரைக் அவுட் ஆனார். மறுநாள் அவரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். அது அவருக்குப் பழக்கமில்லாத இடம். அதற்குரிய தனிக் கையுறையும் அவரிடம் இல்லை, இரவல் வாங்கியே ஆடினார். அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் பெரும்பாலும் பெஞ்சில்தான். 29 ஆட்டங்களில் தலைகாட்டி, 32 முறை அடிக்க நின்று, பேஸை எட்டவைத்த அடி (ஹிட்) 5 மட்டுமே; ஐந்தை 32-ஆல் வகுத்தால் பேட்டிங் சராசரி 0.156. ராபின்சன் அதே ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார். ஒருவருக்கு இடமும் காலமும் கொடுத்து, மற்றவருக்கு இரண்டையும் கொடுக்காமல் விட்டால் எண்கள் இப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டோபி வந்த இரண்டு வாரத்துக்குள் செயின்ட் லூயி பிரௌன்ஸ் அணி ஹாங்க் தாம்சன், வில்லர்ட் பிரௌன் என்ற இரு கறுப்பின வீரர்களைச் சேர்த்தது. ஆகஸ்ட் மாதமே இருவரையும் வெளியே அனுப்பிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் நுழைந்த மூவரில் அடுத்த பருவத்தில் அங்கே ஆடியவர் டோபி ஒருவரே. 0.156 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வீக்கும் அவரை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. வீக்கைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: இரண்டாம் பேஸ் வீரர் எப்படி அவுட்ஃபீல்டர் ஆனார்?

பூட்ரோவும் கார்டனும் உட்களத்தின் நடுவில் அசைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். 1947 பருவம் முடிந்தபோது, அனுபவம் மிக்க பயிற்றுநர் பில் மெக்கெக்னி டோபியிடம், அவுட்ஃபீல்டு ஆடக் கற்றுக்கொண்டால் இந்த அணியில் இடம் உண்டு என்று சொன்னார். 1948 வசந்தகாலப் பயிற்சியில் அவருக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் டிரிஸ் ஸ்பீக்கர். 1910-களிலும் 20-களிலும் சென்டர் ஃபீல்டு ஆட்டத்துக்கே இலக்கணம் வகுத்தவர் அவர்.

இரண்டாம் பேஸில் நிற்பவரின் பழக்கங்கள் அவுட்ஃபீல்டில் பாதி உதவும், பாதி கெடுக்கும். தரையில் உருண்டு வரும் பந்தை முன்னோக்கிப் பாய்ந்து எடுப்பது உட்களத்தாரின் இயல்பு. உயரே எழும்பும் பந்துக்கு முன்னோக்கிப் பாய்ந்தால் அது தலைக்கு மேல் போய்விடும். முதல் அடியைப் பின்னால் வைக்கவும், பந்தைப் பார்க்காமல் அது விழும் இடத்தை நோக்கி ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்க்கவும் கற்க வேண்டும். வெயிலில் பந்து மறையும், காற்றில் திசை மாறும், வேலி எங்கே இருக்கிறது என்பது கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவயதிலிருந்து ஆடுபவர்கள் பத்தாண்டில் பழகும் இதை, டோபி பெரிய லீகின் ஆட்டங்களிலேயே பழகினார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் தவறுகள் செய்தார். பருவத்தின் முடிவில் அணியின் சென்டர் ஃபீல்டர் அவரே. 121 ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி 0.301, ஹோம் ரன்கள் 14.

பிற்காலத்தில் அவருடைய காவல் எப்படி இருந்தது என்பதற்கு 1954 ஜூலை 31 ஆட்டம் ஒன்று போதும். வாஷிங்டன் வீரர் டாம் அம்ஃப்லெட் அடித்த பந்து வேலியைத் தாண்டப் போனபோது, வேலியின் மேலேயே உடலைச் செலுத்தி அதைப் பிடித்து, ஹோம் ரன்னை அவுட்டாக மாற்றினார்.

கேள்வி: 1948 உலகத் தொடரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் புகழ்பெற்றது என்கிறார்களே, அது என்ன?

1948 பருவத்தின் முடிவில் கிளீவ்லண்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் சமநிலையில் நின்று, ஒற்றை ஆட்டத்தில் கிளீவ்லண்ட் வென்று, உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியைச் சந்தித்தது. அக்டோபர் 9 அன்று கிளீவ்லண்டில் நடந்த நான்காவது ஆட்டத்தைப் பார்க்க 81,897 பேர் கூடியிருந்தனர். மூன்றாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் அணியின் முதன்மைப் பிட்சர், அதாவது பந்தெறிபவர், ஜானி செயின் எறிந்த பந்தை டோபி வேலிக்கு அப்பால் அனுப்பினார். உலகத் தொடரில் கறுப்பின வீரர் ஒருவர் அடித்த முதல் ஹோம் ரன் அது. கிளீவ்லண்ட் பிட்சர் ஸ்டீவ் கிரோமெக் ஒன்பது இன்னிங்ஸையும் தாமே எறிந்து முடிக்க, ஆட்டம் 2–1 என்ற கணக்கில் முடிந்தது. டோபியின் அடியே வெற்றி ரன்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் கிரோமெக்கும் டோபியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கும் படத்தை ஒரு புகைப்படக்காரர் எடுத்தார். மறுநாள் நாடெங்கும் செய்தித்தாள்களில் அது வந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிப்பதே பல மாநிலங்களில் சட்டவிரோதமாக இருந்த 1948-இல் அப்படியொரு படம் அச்சாவது சாதாரணம் அல்ல. கிரோமெக் ஊர் திரும்பியபோது அவருக்குத் தெரிந்தவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். தம்மை ஆட்டத்தில் வெல்லவைத்தவரைத்தானே கட்டிக்கொண்டேன் என்பதே அவருடைய பதில். ஹோம் ரன்னைவிட அந்தப் படம் தமக்குப் பெரிது என்று டோபி பலமுறை சொல்லியிருக்கிறார். படத்தில் இருப்பது திட்டமிட்ட நல்லெண்ணக் காட்சி அல்ல, இரண்டு பேருக்குத் தாங்க முடியாத சந்தோஷம், அவ்வளவுதான். அதனால்தான் அது இன்றும் பேசப்படுகிறது என்று நினைக்கிறேன்.

கிளீவ்லண்ட் நான்குக்கு இரண்டு என்று தொடரை வென்றது. டோபியின் சராசரி 0.318. ஜூலையில் அணியில் சேர்ந்திருந்த முதுபெரும் பிட்சர் சாச்செல் பேஜும் டோபியும் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்த முதல் கறுப்பின வீரர்கள். இப்போது கார்டியன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டுள்ள அந்த அணி, 1948-க்குப் பின் உலகத் தொடரை வென்றதேயில்லை.

கேள்வி: அவருடைய சிறந்த ஆண்டு எது?

பெரும்பாலோர் 1954 என்பார்கள்: 32 ஹோம் ரன்கள், தம் அடிகளால் அணிக்குச் சேர்த்த ரன்கள் 126, இரண்டிலும் லீகில் முதலிடம். மிக மதிப்புமிக்க வீரர் விருதில் யோகி பெர்ராவுக்கு அடுத்த இடம். நான் 1952-ஐ அல்லது 1950-ஐச் சொல்வேன். 1952-இல் 32 ஹோம் ரன்களுடன், எடுத்த ரன்கள் 104 என்பதிலும், அடியின் வலிமையைக் காட்டும் ஸ்லக்கிங் அளவில் 0.541 என்பதிலும் லீகில் முதலிடம். 1950-இல் ஹோம் ரன்கள் 25 தான். ஆனால் சராசரி 0.326, அத்துடன் பொறுமையாக நின்று 98 முறை இலவசமாக முதல் பேஸ் பெற்றார். அடிக்க வந்த நேரங்களில் அவுட் ஆகாமல் பேஸை எட்டிய விகிதம் 0.442, அந்த ஆண்டு லீகில் அதுவே உச்சம்.

குறையும் உண்டு. 1952-இலும் 1953-இலும் லீகிலேயே அதிகம் ஸ்டிரைக் அவுட் ஆனவர் அவர்தான், முறையே 111, 121 முறை. அந்தக் கால விமர்சகர்கள் இதைப் பெரிய குற்றமாக எழுதினார்கள். இன்றைய ஆட்டத்தில் இந்த எண்களைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

கேள்வி: 1954-இல் 111 ஆட்டங்களை வென்ற அணி உலகத் தொடரில் ஒன்றைக்கூட வெல்லவில்லையாமே?

ஆம், நியூயார்க் ஜயன்ட்ஸ் நான்கையும் வென்றது. 154 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 111 வெற்றி என்பது அப்போது அமெரிக்கன் லீக் சாதனை. பாப் லெமன், ஏர்லி வின், மைக் கார்சியா என்ற பிட்சர் வரிசை, பேட்டிங் சராசரியில் லீகில் முதலிடம் பெற்ற பாபி அவிலா, அல் ரோசன், டோபி. இந்த அணி தோற்கும் என்று நினைத்தவர்கள் குறைவு.

செப்டம்பர் 29 அன்று போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் கணக்கு 2–2. இரண்டாம் பேஸில் டோபி, முதல் பேஸில் ரோசன், ஒருவரும் அவுட் இல்லை. கிளீவ்லண்டின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்து சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்குப் பறந்தது. பல மைதானங்களில் அது ஹோம் ரன். ஜயன்ட்ஸின் சென்டர் ஃபீல்டர் வில்லி மேஸ் முதுகைக் காட்டியபடி ஓடி, தோளுக்கு மேலாகக் கைகளை ஏந்திப் பிடித்து, சுழன்று எறிந்தார். பேஸ்பால் வரலாற்றில் அதிகம் காட்டப்பட்ட பிடிப்பு அதுவே. டோபி இரண்டாம் பேஸுக்குத் திரும்பி, அதை மிதித்துவிட்டு மூன்றாம் பேஸை மட்டுமே எட்ட முடிந்தது. அவர் பேஸை விட்டு முன்பே நகராமல் காத்திருந்தால் அந்தத் தொலைவில் ஹோம் பேஸ் வரை ஓடி ரன் எடுத்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. தாமே சென்டர் ஃபீல்டராக இருந்த ஒருவர் அந்தப் பந்து பிடிபடாது என்று முடிவுசெய்தார் என்றால், மேஸ் செய்தது என்ன என்பது அதிலிருந்தே தெரியும். நான் டோபியைக் குறைசொல்ல மாட்டேன். கிளீவ்லண்டுக்கு அந்த இன்னிங்ஸில் ரன் எதுவும் வரவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் அடித்த, அந்த மைதானத்தின் குறுகிய வலப்பக்க வேலியை அரைகுறையாகத் தாண்டிய ஒரு பந்தால் ஜயன்ட்ஸ் 5–2 என்று வென்றது. அந்தத் தொடரில் டோபி 16 முறை நின்று 2 ஹிட் மட்டுமே எடுத்தார்.

கேள்வி: அவர் சிடுசிடுப்பானவர், யாரோடும் ஒட்டாதவர் என்று பழைய பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்களாமே?

எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் ஆட்டம் முடிந்ததும் அணியினர் தங்கிய ஓட்டலில் தங்கினார்கள். டோபி பல நகரங்களில் அங்கே தங்க முடியாது. கிளீவ்லண்ட் அணி பயிற்சி பெற்ற அரிசோனாவின் டூசான் நகரில் அணியின் ஓட்டல் அவரை ஏற்காததால், ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். 1947-இல் அறையைப் பகிர்ந்துகொள்ளவும் யாருமில்லை. ஒருமுறை இரண்டாம் பேஸை நோக்கிச் சறுக்கிச் சென்றபோது எதிரணி வீரர் ஒருவர் தம் முகத்தில் துப்பியதாக அவரே பின்னாளில் கூறினார். நடுவரோடு வாதாடக் கூடாது, யார் என்ன சொன்னாலும் திருப்பித் தாக்கக் கூடாது என்று முதல் நாளே வீக் அவருக்கு அறிவுறுத்தியிருந்தார். அதை அவர் கடைப்பிடித்தார். மாலை முழுவதும் தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்கி எழுந்தவர் மறுநாள் நிருபரிடம் கலகலப்பாகப் பேசவில்லை என்று எழுதுவது என்ன நியாயம் என்று புரியவில்லை.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் ஆடிய 1957 ஜூன் 13 அன்று, யாங்கீஸ் பிட்சர் ஆர்ட் டிட்மர் தலையை ஒட்டி எறிந்த பந்துக்குப் பின் வாய்த்தகராறு முற்றி, டோபி அவரைக் குத்திவிட்டார். இரு அணிகளும் மைதானத்தில் கைகலந்தன. பத்தாண்டு பொறுமைக்குப் பின் நடந்தது அது. அந்தப் பத்தாண்டைக் கணக்கில் எடுக்காமல் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

1955 பருவத்துக்குப் பின் ஒயிட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டு, 1958-இல் மீண்டும் கிளீவ்லண்டில் ஆடி, 1959-இல் டெட்ராய்ட், ஒயிட் சாக்ஸ் எனச் சுற்றி, பெரிய லீகில் இருந்து விடைபெற்றார். 1962-இல் முன்னாள் பிட்சர் டான் நியூகோம்புடன் ஜப்பான் சென்று சுனிச்சி டிராகன்ஸ் அணிக்கு ஒரு பருவம் ஆடினார். பின்னர் மான்ட்ரியல் எக்ஸ்போஸ், கிளீவ்லண்ட், ஒயிட் சாக்ஸ் அணிகளில் பயிற்றுநர். மேலாளராகும் வாய்ப்பு கிளீவ்லண்டில் கிடைக்கும் என்று 1974-இல் எதிர்பார்த்தார்; அந்தப் பதவி ஃபிராங்க் ராபின்சனுக்குப் போனது, அவரே பெரிய லீகின் முதல் கறுப்பின மேலாளர். 1978 ஜூன் 30 அன்று, அப்போது ஒயிட் சாக்ஸின் உரிமையாளராக இருந்த அதே பில் வீக், டோபியை மேலாளராக்கினார். மீண்டும் இரண்டாவது ஆள், மீண்டும் ஒரு ராபின்சனுக்குப் பின்னால், மீண்டும் நடுப்பருவத்தில். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த அணியைக் கொண்டு 37 வெற்றி, 50 தோல்வி. பருவம் முடிந்ததும் வேறொருவரை நியமித்தார்கள். முழுப் பருவம் ஒன்று அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: உரிய அங்கீகாரம் கிடைத்ததா?

தாமதமாக. ராபின்சன் 1962-இல் புகழ்மண்டபம் சேர்ந்தார். பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் டோபி ஒருபோதும் அருகில்கூட வரவில்லை. அந்த வாக்கெடுப்பில் விடுபட்டவர்களைப் பரிசீலிக்கும் மூத்தோர் குழு 1998-இல் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 74. கிளீவ்லண்ட் அணி அவருடைய 14-ஆம் எண் சீருடையை, இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று 1994-இல் ஓய்வுபெறச் செய்தது. 1997-இல் அந்நகரில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் முதல் பந்தை எறிய அழைத்தது. 2003 ஜூன் 18 அன்று நியூ ஜெர்சியில் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2023 டிசம்பர் 13 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அவர் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது. ஒவ்வோர் ஏப்ரல் 15-இலும் எல்லா அணிகளின் எல்லா வீரர்களும் ராபின்சனின் 42-ஆம் எண்ணை அணிந்து ஆடுகிறார்கள். ஜூலை 5-க்கு அப்படியொரு வழக்கம் லீக் முழுவதற்கும் இல்லை; அமெரிக்கன் லீக் அணிகளாவது அன்று 14-ஐ அணியலாம்.

கேள்வி: அவருடைய மொத்த ஹோம் ரன்கள் 253 என்று ஓரிடத்திலும் அதைவிட அதிகமாக வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. 1947 முதல் 1959 வரை கிளீவ்லண்ட், ஒயிட் சாக்ஸ், டெட்ராய்ட் அணிகளுக்கு 1,533 ஆட்டங்களில் அவர் அடித்தவை 253. அந்தக் கணக்கில் சராசரி 0.283, அடிகளால் சேர்த்த ரன்கள் 970. நீக்ரோ லீகுகள் 1920 முதல் 1948 வரை பெரிய லீகுகளே என்று 2020 டிசம்பரில் அறிவித்த பேஸ்பால் நிர்வாகம், 2024 மே மாதம் அவற்றின் எண்களையும் அதிகாரபூர்வப் பதிவேட்டில் இணைத்தது. எனவே புதிய பட்டியலில் நூவர்க் ஈகிள்ஸ் அணிக்காக டோபி அடித்தவையும் சேர்ந்து எண்ணிக்கை கூடுகிறது. பழைய புத்தகம், வீரர் படம் அச்சிட்ட பேஸ்பால் அட்டை ஆகியவற்றில் பார்ப்பது 253; 2024-க்குப் பின் வெளியான பட்டியலில் பார்ப்பது கூடுதல் எண். புதிய கணக்கின்படி அவருடைய பெரிய லீக் வாழ்க்கை 1947-இல் அல்ல, புனைபெயரில் ஆடிய 1942-இலேயே தொடங்கிவிடுகிறது.